ஒரு வார்த்தையாவது புரியுதா? ஹெவி மெட்டல் கேட்கும் தலைமுறை தெரிஞ்சுக்க வேண்டிய அண்ணாமலை செட்டியாரின் கதை

கடலூரில் இருந்து சிதம்பரம் போகும் பேருந்து. ஜன்னலோர சீட்டில் ஒரு கல்லூரி மாணவர். காதில் ஹெட்போன், ஓடுவது ஹெவி மெட்டல். டிரம்ஸ் இடி மாதிரி இறங்குது. கிட்டார் உறுமுது. பாடுறவர் அடித்தொண்டையில் இருந்து கத்துறார். ஹெட்போனைத் தாண்டி வரும் சத்தத்தைக் கேட்கும் பக்கத்து சீட் பெரியவருக்கு ஒரே சந்தேகம்: இதுல ஒரு வார்த்தையாவது இந்தப் பையனுக்குப் புரியுமா?

இன்றைக்குப் பல வீடுகளில் நடக்கிற பஞ்சாயத்துதான் இது. பிள்ளைகள் கேட்கிற பாட்டு பெற்றோருக்குப் புரியறதில்லை. அந்தப் பாட்டுதான் பிள்ளையைக் கெடுக்குதோ என்ற பயம் வேற.

ஆனா இதே கேள்வியை 80 வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் கேட்டார். அதுவும் இதே சிதம்பரத்தில். அவர் கேட்டது இளைஞர்களைப் பார்த்து இல்லை. கர்நாடக சங்கீத சபாக்களில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர்களைப் பார்த்து. மேடையில் பாடப்படும் பாட்டு, கேட்கிற தமிழனுக்குப் புரிய வேண்டாமா என்பதுதான் அவர் கிளப்பிய விவாதம். அதற்காக அவர் தன் பணத்தையும் செல்வாக்கையும் இறக்கினார். தமிழ்நாட்டின் இசை உலகமே இரண்டாகப் பிரிந்து நின்றது.

அவர்தான் ராஜா சர் அண்ணாமலை செட்டியார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை உருவாக்கியவர் என்று எல்லாருக்கும் தெரியும். பாட்டுக்காகப் போராடியவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

யார் இந்த அண்ணாமலை செட்டியார்?

இன்றைய சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடி பக்கத்தில் உள்ள கானாடுகாத்தானில் 1881 செப்டம்பர் 30 அன்று பிறந்தார். நகரத்தார் சமூகத்தின் பெரும் பணக்காரக் குடும்பம். செட்டிநாடு என்றதும் நம்ம போனில் வரும் அந்தப் பிரம்மாண்ட அரண்மனை இருக்கே, அது இந்தக் குடும்பத்தோடதுதான்.

நகரத்தார்கள் அந்தக் காலத்தில் பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து வட்டித்தொழில் நடத்தியவர்கள். 1907-ல் சென்னையில் இந்தியன் வங்கி தொடங்கப்பட்டபோது அதிலும் இந்தக் குடும்பத்துக்குப் பங்கு இருந்தது.

பிரிட்டிஷ் அரசு 1923-ல் அண்ணாமலை செட்டியாருக்கு சர் பட்டம் கொடுத்தது. 1929-ல் ராஜா என்ற பட்டமும் வந்தது. அதுவும் வாரிசுகளுக்கும் தொடரும் பட்டம். ஆக, அவர் தெருவில் இறங்கிய போராளி இல்லை. ஆட்சியாளர்களுக்கு நெருக்கமாக இருந்த பெரும் செல்வந்தர். இதையும் சேர்த்துதான் அவர் கதையைப் படிக்கணும்.

சிதம்பரத்துக்கு ஏன் வந்தார்?

1920-ல் அவர் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். மெட்ராஸில் தொடங்கியிருக்கலாம், மதுரையில் தொடங்கியிருக்கலாம். ஆனால் தேர்ந்தெடுத்தது நடராஜர் கோயில் இருக்கும் இந்தச் சின்ன ஊரை. கொள்ளிடம் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளுக்கும், கடலூர், விருத்தாசலம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் உயர்கல்வி கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்தது.

அடுத்த சில வருடங்களில் தமிழுக்கு ஒரு கல்லூரி, வடமொழிக்கு ஒரு கல்லூரி என்று விரிந்தது. ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரே தமிழ்க் கல்லூரியின் முதல்வராகச் சில காலம் இங்கே இருந்தார்.

1929-ல் இந்தக் கல்லூரிகளை ஒன்றாக்கி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. கல்லூரிகளோடு 20 லட்சம் ரூபாயையும் செட்டியார் கொடுத்தார். அந்தக் காலத்து 20 லட்சம் என்பது இன்று நினைத்துப் பார்க்க முடியாத தொகை. மாணவர்கள் அங்கேயே தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம் என்பது இதன் சிறப்பு. திருவேட்களம் என்ற பழைய ஊரை ஒட்டி எழுந்த அந்த வளாகம்தான் இன்றைய அண்ணாமலை நகர்.

இன்னொரு முக்கியமான விஷயம். இங்கே இசைக்கும் ஒரு கல்லூரி வந்தது. பாட்டும் வீணையும் மிருதங்கமும் குருவின் வீட்டில் மட்டுமே கற்றுக்கொள்ள முடியும் என்றிருந்த காலத்தில், வகுப்பறையில் உட்கார்ந்து சங்கீதம் படிக்கலாம் என்ற நிலை உருவானது. டைகர் வரதாச்சாரியார் போன்ற பெரிய வித்வான்கள் இங்கே பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

பிரச்னையும் அங்கேதான் கண்ணில் பட்டது.

கச்சேரி மேடையில் தமிழ் எங்கே இருந்தது?

கொஞ்சம் பின்னாடி போகணும். தஞ்சாவூரை நாயக்கர்களும் பிறகு மராத்தியர்களும் ஆண்டார்கள். அரசவையில் தெலுங்குக்கும் சமஸ்கிருதத்துக்கும் பெரிய மதிப்பு. திருவாரூரில் பிறந்த தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் கர்நாடக சங்கீதத்தின் மும்மூர்த்திகள். மூவரும் பிறந்தது தமிழ் மண்ணில். ஆனால் தியாகராஜரும் சியாமா சாஸ்திரியும் பெரும்பாலும் இயற்றியது தெலுங்கில், தீட்சிதர் இயற்றியது பெரும்பாலும் சமஸ்கிருதத்தில்.

அவர்கள் படைத்த இசை அற்புதமானது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சிக்கல் பின்னாடி வந்தது. 20-ம் நூற்றாண்டின் சபா கச்சேரிகளில் தெலுங்கு, சமஸ்கிருத கீர்த்தனைகள்தான் மெயின். தமிழ்ப் பாட்டு கடைசியில் வரும். அதுவும் துக்கடா என்ற பெயரில். துக்கடா என்றால் துண்டு, சில்லறை. பெரிய விருந்து முடிந்தபிறகு வைக்கிற ஊறுகாய் மாதிரி.

ஒரு மாணவர் இடத்தில் இருந்து இதை யோசிச்சுப் பாருங்க. சிதம்பரம் பக்கத்துக் கிராமத்தில் இருந்து வந்து இசை படிக்கிறார். வீட்டில் தமிழ், தெருவில் தமிழ், கனவிலும் தமிழ். வகுப்பில் மட்டும் அர்த்தம் தெரியாத வரிகளை மனப்பாடம் செய்ய வேண்டும். மேடையில் உருகிப் பாட வேண்டும், ஆனால் எதற்காக உருகுகிறோம் என்று தெரியாது. உச்சரிப்பும் தப்பாகப் போகும். தெலுங்கு தெரிந்தவர்கள் கேட்டால் அவர்களுக்கும் சங்கடம்.

வார்த்தை புரியாதது மட்டும் அல்ல இங்கே பிரச்னை. உன் மொழி சமையலறைக்குச் சரி, சந்தைக்குச் சரி, ஆனால் உயர்ந்த கலைக்கு லாயக்கில்லை என்ற செய்தி யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே அந்த மாணவர் மனதில் இறங்கும். தன்னைப் பற்றி ஒரு இளைஞர் என்ன நினைக்கிறார் என்பதை முடிவு செய்யும் வயதில் இது சின்ன விஷயம் இல்லை.

இந்த மண்ணுல பாட்டே இல்லையா?

தமிழில் பாடுவதற்குத் தரமான உருப்படிகள் இல்லை என்பது அப்போது அடிக்கடி சொல்லப்பட்ட காரணம். சிதம்பரத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு போனாலே இந்தக் காரணம் நிற்காது.

தேவாரம் பாடிய அப்பர் பிறந்தது பண்ருட்டி பக்கத்துத் திருவாமூரில். கல்லைக் கட்டிக் கடலில் போட்டபோது அவர் மிதந்து கரையேறியதாகச் சைவ மரபு சொல்லும் இடம், கடலூரின் திருப்பாதிரிப்புலியூர். திருஞானசம்பந்தரோடு ஊர் ஊராகப் போய் யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர், விருத்தாசலம் பக்கத்து எருக்கத்தம்புலியூர்க்காரர். சம்பந்தர் பாடிய ஒரு பதிகத்தை யாழில் வாசிக்க முடியாமல், மனம் நொந்து யாழையே உடைக்கப் போனாராம் யாழ்ப்பாணர். ராக் மேடையில் கிட்டாரை உடைக்கிறவர்களை யூடியூபில் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை ரொம்ப அந்நியமாக இருக்காது.

பாடல்கள் இருந்தும் காணாமல் போன கதையும் இங்கேதான் நடந்தது. சிதம்பரம் கோயிலில் ஒரு அறையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைச் சோழ மன்னன் திறக்க வைத்தபோது, பாதிக்கு மேல் கரையான் அரித்திருந்தது என்கிறது மரபு. மிஞ்சிய பாடல்களுக்குப் பண் எது என்று யாருக்கும் தெரியவில்லை. யாழ்ப்பாணர் வழிவந்த ஒரு பெண்தான் பண்களை மீட்டுக் கொடுத்தார் என்றும் அந்தக் கதை சொல்கிறது.

பின்னாடி வந்தவர்களும் இருக்கிறார்கள். சீர்காழி முத்துத்தாண்டவர், சிதம்பரம் பக்கத்துத் தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளை, ராமாயணத்தைக் கீர்த்தனையாக்கிய அருணாசலக் கவிராயர் ஆகிய மூவரும் மும்மூர்த்திகளுக்கு முன்னாடியே தமிழில் கீர்த்தனை எழுதியவர்கள். 19-ம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரத்தைப் பாடினார். மருதூரில் பிறந்து வடலூரில் வாழ்ந்த வள்ளலார், ஆயிரக்கணக்கில் பாடல் தந்தார்.

பாட்டு இல்லாமல் இல்லை. மேடைதான் இல்லை.

1941: சிதம்பரத்தில் என்ன நடந்தது?

அண்ணாமலை செட்டியார் வியாபாரி. குறை சொல்வதோடு நிற்கவில்லை, முதலீடு போட்டார். தமிழ்ப் பாடல்களை ஊக்குவிக்கப் பரிசுகள் வழங்க 1940-ல் 10,000 ரூபாய் ஒதுக்கினார். பிறகு இன்னும் 5,000 சேர்த்துக் கொடுத்தார்.

1941 ஆகஸ்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழிசை மாநாடு நடந்தது. இசைக் கலைஞர்கள், தமிழறிஞர்கள் கூடினார்கள். கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்ற கோரிக்கை அங்கிருந்து கிளம்பியது. தொடர்ந்து தமிழ்நாட்டின் வேறு ஊர்களிலும் தமிழிசை மாநாடுகள் நடந்தன.

இதில் ஒரு சுவாரஸ்யம். அந்த நேரத்தில் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் சர் கே.வி.ரெட்டி நாயுடு. அவர் தாய்மொழி தெலுங்கு. தமிழிசை இயக்கத்தின் கோரிக்கை தெலுங்கை வெளியே தள்ளுவது இல்லை, தமிழை உள்ளே விடச் சொல்வதுதான். தியாகராஜரைப் பாடக்கூடாது என்பதல்ல. முத்துத்தாண்டவரையும் பாடுங்கள் என்பது.

எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள்?

எதிர்ப்பு சாதாரணமாக இல்லை. சென்னை மியூசிக் அகாடமியும் பெரிய வித்வான்கள் பலரும் இதை ஏற்கவில்லை. இசையில் மொழியைக் கொண்டுவரக்கூடாது, தரம்தான் முக்கியம் என்பது அகாடமி தரப்பின் நிலைப்பாடு. ராகத்துக்கு மொழி கிடையாது, உண்மையான ரசிகனுக்கு வார்த்தை தேவையில்லை என்பது வாதம்.

நேர்மையாகப் பார்த்தால் அந்த வாதத்திலும் உண்மை இருக்கிறது. நாதஸ்வரத்தில் வார்த்தை ஏது? அரை மணி நேர ஆலாபனையில் மொழி ஏது? இன்றைக்கு ஹெவி மெட்டல் கேட்கும் பையனும் இதையேதான் அம்மாவிடம் சொல்வான். வார்த்தை புரியாட்டியும் உள்ளே ஏதோ இறங்குதும்மா என்பான்.

ஆனால் தமிழிசை தரப்பு ஒரு எளிய கேள்வியைத் திருப்பிக் கேட்டது. இசைக்கு மொழியே கிடையாது என்றால், தமிழில் பாடினால் மட்டும் தரம் எப்படிக் குறையும்?

இந்தப் பக்கம் நின்றவர்கள் பட்டியல் பெரியது. ராஜாஜி, எழுத்தாளர் கல்கி, ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார், பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே.சண்முகம் செட்டியார் என்று அரசியலில் வேறு வேறு பக்கம் இருந்தவர்கள் இதில் ஒரே பக்கம் வந்தார்கள். சில வருடங்களுக்கு முன்னாடிதான் கட்டாய இந்தியை எதிர்த்து ராஜாஜி அரசுக்கு எதிராகப் பெரிய போராட்டம் நடந்திருந்தது. அப்போது எதிரெதிரே நின்றவர்கள், பாட்டு விஷயத்தில் சேர்ந்து நின்றார்கள். பெரியாரும் தமிழில் பாட வேண்டும் என்று குரல் கொடுத்தார். பாடகர்களில் எம்.கே.தியாகராஜ பாகவதர், தண்டபாணி தேசிகர் போன்றவர்கள் துணை நின்றார்கள்.

இதில் சாதியும் இருந்தது. சபாக்களையும் இசை அமைப்புகளையும் நடத்தியவர்கள் யார், மேடை யாருக்குக் கிடைத்தது என்ற கேள்வி மொழிக் கேள்விக்குப் பின்னாடி நின்றது. பிராமணர் அல்லாதார் அரசியல் வலுவாக இருந்த காலம் அது. செட்டியாரின் மகன் முத்தையா செட்டியார் நீதிக்கட்சியின் முக்கியத் தலைவர். அதனால் இது இசையே இல்லை, அரசியல் என்று சொன்னவர்களும் உண்டு.

பணம் எங்கே போனது?

1943-ல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். பர்மாவை ஜப்பான் பிடித்ததால் நகரத்தார் சமூகத்தின் தொழில் அங்கே நொறுங்கிப் போயிருந்த காலம். அந்த நேரத்தில் பாட்டுக்காக ஒரு சங்கம். டிசம்பர் மாதம் இசை விழா நடத்தத் தொடங்கினார்கள். மேடையில் முதல் பாட்டில் இருந்து கடைசிப் பாட்டு வரை தமிழ்.

அதைவிட முக்கியமான வேலை சத்தமில்லாமல் சிதம்பரத்தில் நடந்தது. பழைய, புதிய தமிழ்ப் பாடல்களைத் திரட்டி, ஸ்வரக் குறிப்போடு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் புத்தகம் புத்தகமாக வெளியிட்டது. எப்படிப் பாடுவது என்று எழுதி வைத்தால்தான் அடுத்த தலைமுறை பாடும். பாட்டே இல்லை என்ற வாதத்துக்கு இதுதான் சரியான பதில்.

ஆராய்ச்சியும் ஓடியது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் கருணாமிர்த சாகரம் என்ற பெரிய நூலில் தமிழிசையின் பழமையை ஏற்கனவே எழுதியிருந்தார். 1930-களின் தொடக்கத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் இலங்கை மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த விபுலாநந்த அடிகள். அழிந்துபோன யாழ் எப்படி இருந்திருக்கும் என்று பல வருடங்கள் ஆராய்ந்து, 1947-ல் யாழ் நூலை வெளியிட்டார்.

அடுத்த வருடம், 1948 ஜூன் 15 அன்று அண்ணாமலை செட்டியார் காலமானார். வயது 66. நாடு சுதந்திரமடைந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அவருக்குப் பிறகு என்ன ஆனது?

தமிழிசைச் சங்கம் நிற்கவில்லை. 1949-ல் இருந்து பண் ஆராய்ச்சிக் கூட்டங்கள் நடந்தன. ஓதுவார்களையும் இசை அறிஞர்களையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து, எந்தத் தேவாரப் பண் இன்றைய எந்த ராகம் என்று பாடிப் பாடிப் பார்த்தார்கள். 1950-களில் சென்னை பாரிமுனை அருகே அவர் பெயரிலேயே ராஜா அண்ணாமலை மன்றம் எழுந்தது.

சிதம்பரத்தில் இசைத் துறைக்குத் தலைமை ஏற்றவர்களில் ஒருவர் எம்.எம்.தண்டபாணி தேசிகர். 1942-ல் வந்த நந்தனார் படத்தில் நந்தனாராக நடித்தவர். சிதம்பரத்துக்குப் போக ஏங்கும் நந்தனாராகத் திரையில் பாடியவர், பிறகு அதே சிதம்பரத்துக்குப் பேராசிரியராக வந்தார். மனம் துவண்டு கிடக்கும்போது யாழ் வாசித்து ஆறுதல் தரமாட்டாயா என்ற பொருளில் பாரதிதாசன் எழுதிய பாடலுக்குத் தேஷ் ராகத்தில் மெட்டுப் போட்டவரும் இவரே. இசை மனசுக்கு என்ன செய்யும் என்பதைத் தமிழில் சொல்லும் பாடல் அது.

மாணவர்களிடம் என்ன மாறியது? 1940-களில் இங்கே படித்த நெடுஞ்செழியனும் அன்பழகனும் பின்னாளில் திராவிட இயக்கத்தின் பெரிய தலைவர்கள் ஆனார்கள். தமிழ் என்பது பாடம் மட்டும் இல்லை, அடையாளம் என்று நினைத்த ஒரு தலைமுறை இந்த வளாகத்தில் உருவானது. 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் உயிரிழந்தார். அவருக்கு அங்கே சிலை இருக்கிறது. மொழி என்பது உயிரைத் தொடும் விஷயமாக இளைஞர்களுக்கு ஏன் ஆனது என்று புரிய, பாட்டில் நடந்த அந்த விவாதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கோயிலுக்குள்ளும் கேள்வி தொடர்ந்தது. நடராஜர் கோயிலின் சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாடுவதற்கான போராட்டம் நீண்ட காலம் நடந்து, 2008-ல் தமிழக அரசின் ஆணையோடுதான் அங்கே பாட முடிந்தது.

மேடைக்கு வெளியே நின்றவர்கள்

செட்டியாரின் பணி பெரியது. அதற்கு ஒரு எல்லையும் உண்டு. தமிழிசை மேடையின் மையமாக இருந்தது செவ்வியல் இசை. பறையும் கானாவும் ஒப்பாரியும் தமிழ்தான். ஆனால் அவை அந்த மேடையின் மையத்துக்கு வரவில்லை.

சிதம்பரத்துக்கு இது புதுக் கதை இல்லை. பெரியபுராணம் சொல்லும் நந்தனாரின் தொழில் என்ன தெரியுமா? கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் கொடுப்பது, வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுப்பது. உள்ளே ஒலிக்கிற இசைக்குத் தேவையானதை எல்லாம் கொடுத்துவிட்டு, அவர் வெளியே நின்றார்.

தெலுங்குக் கீர்த்தனை மேடையில் தமிழுக்கு இடம் கேட்டது நியாயம் என்றால், தமிழ் மேடையில் பறைக்கு இடம் கேட்பதும் அதே நியாயம்தான். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சி நடத்திய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, கானாவையும் பறையையும் ராக் கிட்டாரையும் ஒரே மேடையில் சேர்த்தபோது கேட்டது அதைத்தான்.

அப்போ ஹெவி மெட்டல் கேட்கிற பையன்?

இப்போ மறுபடி அந்தப் பேருந்துக்கு வருவோம்.

ஹெவி மெட்டல் பிறந்தது இங்கிலாந்தின் பர்மிங்காமில், தொழிற்சாலைகள் நிறைந்த ஊரில். பிளாக் சப்பாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, இளைஞராக இருந்தபோது தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். விரலுக்குச் செயற்கை முனை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். வலி குறையக் கம்பிகளைத் தளர்த்தினார். அந்தக் கனமான ஒலி உலகம் முழுக்கப் போனது. மரியாதையான இசைக்கு வெளியே நின்ற உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளின் சத்தம் அது.

அதைக் கேட்டவர்கள் எல்லாரும் இங்கிலாந்துக்காரர்கள் ஆகிவிடவில்லை. மங்கோலியாவின் தி ஹூ குழு தங்கள் மொழியிலேயே, தங்கள் பழைய தொண்டைப் பாட்டு முறையிலேயே பாடுகிறது. டெல்லியின் பிளட்டிவுட் குழு தோலையும் கிட்டாரையும் சேர்த்து இந்தியிலும் பஞ்சாபியிலும் பாடுகிறது. 1992-ல் சிங்கப்பூரில் இந்திய வம்சாவளி இளைஞர்கள் தொடங்கிய ருத்ரா குழு, மெட்டலுக்குள் வேத மந்திரங்களைக் கொண்டுவந்தது. வெளியில் இருந்து வந்த சத்தத்தை வாங்கி, அதில் தங்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

சரி, இந்தச் சத்தம் மனசைக் கெடுக்காதா? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2015-ல் வெளியான ஓர் ஆய்வு இதைப் பார்த்தது. 18 முதல் 34 வயது வரையிலான, இந்த வகை இசையை ஏற்கனவே விரும்பிக் கேட்கும் 39 பேர். முதலில் அவர்களுக்குக் கோபம் வரும்படி பழைய சம்பவங்களைப் பேச வைத்தார்கள். பிறகு பாதிப் பேர் தங்களுக்குப் பிடித்த பாட்டைக் கேட்டார்கள், மீதிப் பேர் அமைதியாக இருந்தார்கள். பாட்டு கேட்டவர்களுக்குக் கோபம் ஏறவில்லை. ஊக்கமாக உணர்வதாகவும் சொன்னார்கள். சின்ன ஆய்வுதான், எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் கத்தல் பாட்டு கேட்டாலே பிள்ளை கெட்டுவிடும் என்ற முடிவுக்கு அவசரப்பட வேண்டாம் என்று மட்டும் சொல்கிறது.

பெற்றோர் பார்க்க வேண்டியது பாட்டை விடப் பிள்ளையை. தூக்கம் போச்சா, சாப்பாடு குறைஞ்சதா, நண்பர்களை விட்டு ஒதுங்குதா, வாரக்கணக்கில் சோர்வா இருக்கா? அப்படி இருந்தால் ஹெட்போனைப் பிடுங்கினால் சரியாகாது. பேச வேண்டும், மருத்துவரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

இந்தக் கதையில் இருந்து என்ன எடுத்துக்கலாம்?

அண்ணாமலை செட்டியார் ஹெவி மெட்டலைக் கேட்டிருந்தால் பிடித்திருக்குமா? அநேகமாகப் பிடித்திருக்காது. அவர் விரும்பிய இசை வேற, வாழ்ந்த உலகம் வேற. ஆனால் அவர் 1941-ல் சண்டை போட்டது, ஒரு இளைஞர் தன் பாட்டைத் தாழ்வாக நினைக்காமல் மேடையில் நின்று பாட வேண்டும் என்பதற்காக. அதற்காக யாருடைய பாட்டையும் தடை செய்யச் சொல்லவில்லை. பரிசு வைத்தார், புத்தகம் போட வைத்தார், விழா நடத்தினார், படிக்க ஒரு கல்லூரி கொடுத்தார்.

இன்றைக்கு ஒரு வீட்டில் இதையே சின்ன அளவில் செய்யலாம். பிள்ளை என்ன கேட்கிறது என்று ஒரு பாட்டாவது சேர்ந்து கேட்கலாம். அந்தப் பாட்டில் என்ன பிடிக்குது என்று கேட்கலாம். அப்புறம் நமக்குப் பிடித்த ஒரு தேவாரத்தையோ, பாகவதர் பாட்டையோ போட்டுக் காட்டலாம்.

பேருந்து சிதம்பரத்துக்குள் நுழைகிறது. தூரத்தில் கோபுரம் தெரிகிறது. பையன் ஹெட்போனைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அண்ணாமலை நகர் பக்கம் நடக்கிறார். அவர் படிக்கப் போகும் கல்வி நிலையத்தை உருவாக்கியவரும் ஒருகாலத்தில் இதே ஊரில் பாட்டைப் பற்றித்தான் சண்டை போட்டார்.